ஷெல் கட்டளையிலிருந்து குறுநிரல் மொழிக்கு: பெயர்வுத்திறனின் வரலாறும் தமிழ்ப் பனுவல் ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஷெல் கட்டளைகள் 1970களில் ஓர் ஆய்வகத்தின் தேவைக்கென உருவானவை. அவ்வியங்குதளம் பல நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியபோது கட்டளைகளின் பெயர்கள் மாறாமல் நின்றன. அவற்றின் செயல் இடத்துக்கு இடம் வேறுபட்டது. இவ்வேறுபாட்டைக் கடக்க எழுந்த முயற்சிகளுள், கட்டளைகளின் பணியைக் குறுநிரல் மொழிகள் தம்முள் ஏற்றுக்கொண்ட முறையை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பெர்ல், டிக்கிள், பைத்தான் ஆகிய மூன்று மொழிகள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இம்மாற்றம் புறச்சார்பை முற்றிலும் நீக்கவில்லை. சிதறிக் கிடந்த பல சார்புகளைப் பெயரிட்டுச் சுட்டத்தக்க ஒரு சார்பாகச் சுருக்கியது. தமிழ்ப் பனுவல்களைக் கணினிவழி ஆராய்வோர் அச்சார்பை வெளிப்படையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: யூனிக்ஸ், ஷெல், பெயர்வுத்திறன், குறுநிரல் மொழி, பெர்ல், பைத்தான், போசிக்ஸ், ஒருங்குறி, பனுவல் ஆய்வு.

முன்னுரை

ஓர் ஆய்வின் முடிவு ஏற்கப்பட வேண்டுமாயின், அதே தரவைக் கொண்டு வேறொருவரும் அதே முடிவை அடைய இயல வேண்டும். பதிப்பாசிரியர் தாம் ஒப்புநோக்கிய சுவடிகளைப் பட்டியலிடுவதும், சொல்லடைவு செய்வோர் தாம் பயன்படுத்திய பதிப்பைக் குறிப்பதும் இதன்பொருட்டே. கணினிவழிச் சொல்லடைவுக்கும் சொற்பயன்பாட்டுக் கணக்குக்கும் இவ்விதி பொருந்தும். ஆனால் இங்கு ஒரு புதிய சிக்கல் உள்ளது. ஒரே கட்டளை, ஒரே கோப்பு எனினும் இரு கணினிகளில் இரு வேறு முடிவுகள் கிடைக்கக்கூடும். இதற்கான காரணம் கட்டளைகளின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

ஒரு கணினியில் எழுதப்பட்ட நிரல் வேறு வகைக் கணினியிலும் அதே விளைவைத் தருவதே இங்குப் பெயர்வுத்திறன் எனப்படுகிறது. ஸ்கிரிப்ட் மொழி என்று வழங்குவது குறுநிரல் மொழி எனக் குறிக்கப்படுகிறது. ஷெல் என்னும் சொல் பயனரின் கட்டளையைப் பெற்று இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நிரலைக் குறிக்கும்; அது நிலைபெற்ற சொல்லாதலின் அவ்வாறே ஆளப்படுகிறது.

1. ஷெல்லின் தோற்றம்

கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து ஒருசேர இயக்கும் எண்ணம் யூனிக்ஸுக்கு முந்தியது. பிரெஞ்சுக் கணினியியலாளர் லூயி பூசன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960களின் முற்பாதியில் ரன்காம் என்னும் நிரலை இந்நோக்கில் உருவாக்கினார். ஷெல் என்னும் பெயரும் அவர் இட்டதே.

யூனிக்ஸ், நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. தாம்சன் எழுதிய தொடக்ககால ஷெல் மிகச் சிறியது. நிபந்தனை கூறும் இஃப், வரி தாவும் கோட்டு ஆகியவைகூட அதன் உறுப்புகளாக அமையவில்லை. தனித்தனி நிரல்களாக வெளியில் இருந்தன. கோப்புப்பெயர்களில் உடுக்குறியை விரித்துப் பொருள்காணும் பணியையும் குளோப் என்னும் தனி நிரலே செய்தது. ஷெல் பெரும்பாலும் பிற நிரல்களை அழைப்பதற்கான வாயிலாக மட்டுமே இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

டக்ளஸ் மெக்கில்ராயின் தூண்டுதலால் 1973இல் குழாய் என்னும் இணைப்புமுறை சேர்ந்தது. ஒரு நிரலின் வெளியீடு மற்றொரு நிரலின் உள்ளீடாகப் பாய இது வழிசெய்தது. கிரெப், செட், 1977இல் தோன்றிய ஆக் முதலிய பனுவல் கருவிகள் இக்குழாயை நம்பியே பயன்பெற்றன. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீவன் பார்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. மாறிகள், சுழற்சி, நிபந்தனை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட அந்த ஷெல் ஒரு நிரல்மொழியின் தகுதியை எய்தியது. ஆயினும் கோப்பை நகலெடுத்தல், பெயர் மாற்றுதல், வரிசைப்படுத்தல், தேடுதல் ஆகிய உண்மைப் பணிகள் அனைத்தும் வெளிநிரல்களிடமே இருந்தன. ஷெல் நிரல் ஒன்றின் பொருள் அந்நிரலுக்குள் முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை. அது இயங்கும் கணினியில் நிறுவப்பட்டுள்ள கருவிகளில் பாதி தங்கியிருக்கிறது. பின்வந்த சிக்கல்கள் யாவற்றுக்கும் இதுவே வேர்.

2. ஒரு பெயர், பல பொருள்

யூனிக்ஸ் 1973இல் சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 1977இல் அது இன்டர்டேட்டா நிறுவனத்தின் கணினிகளுக்குப் பெயர்க்கப்பட்டது. இவ்வாறு இயங்குதளமே பெயர்வுத்திறன் பெற்றது. ஆனால் இயங்குதளம் பெயர்ந்த ஒவ்வோரிடத்திலும் அதன் கட்டளைகள் தனித்தனியே திருத்தப்பட்டன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வளர்ந்த பிஎஸ்டி மரபும், ஏடி அண்ட் டி நிறுவனம் 1983இல் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் மரபும் இரு பெருங்கிளைகளாயின. பின்னர் வணிக நிறுவனங்கள் பல தத்தம் யூனிக்ஸ் வடிவங்களை விற்றன.

எக்கோ என்னும் கட்டளை இதற்கு எளிய சான்று. கொடுத்த சொற்களைத் திரையில் எழுதுவதே அதன் பணி. வரிமுடிவின்றி எழுத, பெர்க்லி மரபில் 'என்' என்னும் விருப்பக்குறியைக் கட்டளையை அடுத்துத் தர வேண்டும். சிஸ்டம் ஃபைவ் மரபிலோ சொற்களின் இறுதியில் பின்சாய்கோட்டுடன் 'சி' எழுத வேண்டும். ஒரு மரபின் விருப்பக்குறி மற்றதில் வெறும் எழுத்தாகத் திரையில் தோன்றும். இயங்கும் செயல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளைக்கும் இரு மரபுகளில் இரு வேறு குறிகள். சார்ட் கட்டளையில் எந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்துவது என்பதைக் கூட்டல் குறியால் சுட்டும் பழைய முறை 1992ஆம் ஆண்டுத் தரத்தில் வழக்கொழியும் முறையாக அறிவிக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டுத் தரத்தில் நீக்கப்பட்டது. அதுவரை பிழையின்றி இயங்கிய நிரல்கள், ஓர் எழுத்தும் மாறாமலே, சில கணினிகளில் பிழையுடையன ஆயின.

யூனிக்ஸ் எல்லைக்கு அப்பால் வேறுபாடு இன்னும் பெரிது. எம்எஸ்-டாஸ், அதன் வழிவந்த விண்டோஸ் ஆகியவற்றில் ஃபைண்ட் என்பது கோப்பின் உள்ளே ஒரு சொற்றொடரைத் தேடும். யூனிக்ஸில் அதே பெயருடைய கட்டளை கோப்புறைகளினூடே சென்று கோப்புகளைத் தேடும். யூனிக்ஸில் டேட் என்பது இன்றைய நாளைக் காட்டி முடிந்துவிடும். விண்டோஸில் அது புதிய நாளை உள்ளிடுமாறு கேட்டுக் காத்திருக்கும். இடைப்பட்ட கோப்புறைகளையும் சேர்த்து உருவாக்க யூனிக்ஸில் தரப்படும் 'பி' என்னும் விருப்பக்குறி, விண்டோஸ் கட்டளைக்குத் தரப்படும்போது அப்பெயரிலேயே ஒரு கோப்புறையை உருவாக்கிவிடும். பல பொருள் ஒருசொல்லுக்குச் சூழல் பொருள் வரையறுக்கும் என்பது மொழியியல் அறிந்த செய்தி. கட்டளையைப் பொறுத்தவரை அச்சூழல் கணினியாக அமைகிறது. நிரலை எழுதியவர் அதைக் கண்டிருக்க வேண்டியதில்லை.

3. தரப்படுத்தலும் சோதித்தறிதலும்

இச்சிக்கலுக்கு முதலில் இரு வகைத் தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று தரப்படுத்தல். போசிக்ஸ் எனப்படும் தரத்தின் ஷெல், கருவிகள் பற்றிய பகுதி 1992இல் ஏற்கப்பட்டது. அது பொதுவான கட்டளைகளையும் அவற்றின் விருப்பக்குறிகளையும் வரையறுத்தது. ஆயினும் எக்கோவின் இரு மரபுகளையும் அதனால் ஒன்றாக்க இயலவில்லை. மேற்கண்ட இரு குறிகளும் வரும்போது விளைவு அவ்வக் கணினியைப் பொறுத்தது எனக் கூறி, பிரின்ட்எஃப் என்னும் வேறு கட்டளையைப் பரிந்துரைத்தது. வழக்கில் நிலைத்துவிட்ட வேறுபாட்டைத் தரத்தால் அழிக்க இயலாமற்போனதற்கு இது சான்று.

மற்றொன்று சோதித்தறிதல். நிரல் நிறுவப்படும் கணினியின் இயல்புகளை முதலில் ஒரு ஷெல் நிரல் சோதித்து, அதற்கேற்ப நிறுவலை மாற்றியமைக்கும். லாரி வால் 1984இல் வெளியிட்ட ஆர்என் என்னும் செய்திவாசிப்பு நிரலுடன் இத்தகைய சோதனை நிரல் ஒன்றை இணைத்தார். எக்கோ எம்மரபினது என்பதைக் கண்டறிவது இவ்வகைச் சோதனைகளில் இன்றியமையாத ஒன்று. 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் இம்முறையைப் பொதுக்கருவியாக்கியது. எல்லா ஷெல்களுக்கும் பொதுவான மிகக் குறுகிய பகுதியை மட்டுமே பயன்படுத்தி எழுதுவது இதன் ஒழுங்கு. அதனால் அந்நிரல்கள் நீண்டு, படிப்பதற்கு அரியனவாயின.

இவ்விரு வழிகளும் ஷெல்லுக்குள் நின்றே தீர்வு தேடின. 2006 அக்டோபரில் வெளியான உபுண்டு 6.10, பாஷுக்கு மாற்றாக டாஷ் என்னும் சிறிய ஷெல்லை இயல்பான ஷெல்லாக ஆக்கியது; 2011இல் டெபியன் 6.0 அதனைப் பின்பற்றியது. பாஷின் தனிக்கூறுகளைப் பொதுக்கூறுகள் எனக் கருதி எழுதப்பட்ட நிரல்கள் அப்போது முறிந்தன. தரம் ஏற்கப்பட்டுப் பல்லாண்டுகள் கடந்த பின்னும் எழுதுவோரின் பழக்கம் தரத்தைச் சார்ந்திராமல் தம் கணினியைச் சார்ந்திருந்தமை இதனால் புலனாகிறது.

4. பெர்ல்: கட்டளைகளை உள்வாங்கிய மொழி

மூன்றாவது வழி, கட்டளையின் பணியை மொழிக்குள் கொண்டுவருதல். இதனைப் பெரிய அளவில் செய்துகாட்டியது பெர்ல். சோதனை நிரல் எழுதிய அதே லாரி வாலே 1987 டிசம்பர் 18 அன்று அதை வெளியிட்டார் என்பது கருதத்தக்கது. பல கோப்புகளில் பரவிக் கிடந்த செய்திகளிலிருந்து அறிக்கை தயாரிக்கும் பணிக்கு ஆக் போதாமற்போனதே அதன் தோற்றத்துக்கு உடனடிக் காரணம். செட், ஆக், ஷெல், சி ஆகியவற்றின் இயல்புகள் ஒரே மொழியில் ஒன்றுசேர்ந்தன.

முதற்பதிப்பிலேயே பெர்லுடன் இரு மாற்றுநிரல்கள் இணைத்து வழங்கப்பட்டன. ஒன்று ஆக் நிரலைப் பெர்லாக மாற்றியது. மற்றொன்று செட் நிரலைப் பெர்லாக மாற்றியது. பின்னர் ஃபைண்ட் கட்டளையைப் பெர்லாக மாற்றும் நிரலும் சேர்ந்தது. பழைய கட்டளைகளை அறிந்தோர் தம் அறிவை இழக்காமலே புதிய மொழிக்குப் பெயர இவை பாலமாயின. 2015இல் வெளியான பெர்ல் 5.22 பதிப்பில் இம்மூன்றும் மையத் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டன. பாலத்தைக் கடப்போர் அருகியபின் பாலமும் அகற்றப்பட்டது எனலாம்.

எனினும் உள்வாங்கல் ஒரே நாளில் நிகழவில்லை. உடுக்குறியைக் கோப்புப்பெயர்களாக விரிக்கும் பணியைப் பெர்ல் தொடக்கத்தில் தானே செய்யவில்லை. யூனிக்ஸில் அதற்கெனப் பெரும்பாலும் சி ஷெல்லை மறைவாக அழைத்தது. 2000ஆம் ஆண்டின் 5.6 பதிப்பிலிருந்தே அது மொழியின் உள்ளமைந்த செயற்கூறாயிற்று. பெர்லில் மட்டுமே எழுதியதாக ஒருவர் கருதிய நிரல், அதுவரை அவரறியாமல் வெளிநிரல் ஒன்றைச் சார்ந்திருந்தது.

நகலெடுத்தல், பாதைப்பெயர் பிரித்தல், கோப்புறை உருவாக்கல் ஆகியவற்றுக்கெனத் தனித் தொகுதிகள் மொழியுடன் வழங்கப்பட்டன. விண்டோஸில் பெர்ல் தொகுதிகளை நிறுவும்போது நீக்கல், நகலெடுத்தல், நகர்த்தல் போன்ற யூனிக்ஸ் கட்டளைகள் கிடைப்பதில்லை. ஆதலால் அவற்றின் பெயர்களையே கொண்ட பெர்ல் செயற்கூறுகள் ஒரு தொகுதியாக அமைக்கப்பட்டன. 1999இல் டாம் கிறிஸ்டியன்சென் தொடங்கிய பெர்ல் பவர் டூல்ஸ் முயற்சி இன்னும் ஒருபடி சென்று, யூனிக்ஸ் கட்டளைகளையே பெர்லில் மீண்டும் எழுத முற்பட்டது. எந்த இயங்குதளமாயினும் பெர்ல் இருந்தால் அக்கட்டளைகளும் இருக்கும் என்பது அதன் அடிப்படை.

5. டிக்கிளும் பைத்தானும்

பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹௌட் 1988இல் உருவாக்கிய டிக்கிள் மொழியிலும் இதே வளர்ச்சியைக் காணலாம். கோப்பை நகலெடுக்க அதில் முதலில் யூனிக்ஸின் நகல் கட்டளையை அழைக்க வேண்டியிருந்தது. 1996இல் வெளியான 7.6 பதிப்பில் நகலெடுத்தல், பெயர் மாற்றுதல், நீக்கல், கோப்புறை உருவாக்கல் ஆகியன மொழியின் சொந்தக் கட்டளைகளாயின. மெக்கின்டாஷ், விண்டோஸ் ஆகியவற்றிலும் டிக்கிள் இயங்கத் தலைப்பட்ட காலம் அது என்பதைக் கருதினால் இம்மாற்றத்தின் காரணம் விளங்கும்.

பைத்தானின் தோற்றமே இவ்வரலாற்றோடு பிணைந்தது. கைடோ வான் ராஸம் ஆம்ஸ்டர்டாமின் கணிதக் கணினியியல் ஆய்வு மையத்தில் அமீபா என்னும் பரவல் இயங்குதளக் குழுவில் பணியாற்றினார். அமீபாவின் அமைப்பு அழைப்புகள் யூனிக்ஸினும் வேறுபட்டவை. பார்ன் ஷெல்லிலிருந்து அவற்றை எளிதில் அணுக இயலவில்லை. சி மொழியில் எழுதுவதோ நெடும்பணி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மொழியின் தேவையை உணர்ந்து 1989 டிசம்பரில் அவர் தொடங்கிய பணி 1991 பிப்ரவரியில் பொதுவெளிக்கு வந்தது. ஷெல் செல்ல இயலாத இயங்குதளம் ஒன்றே புதிய மொழிக்குக் காரணமாயிற்று.

பைத்தானில் பாதைப்பெயர்களைக் கையாளும் தொகுதிக்கு யூனிக்ஸ் வடிவம் ஒன்றும் விண்டோஸ் வடிவம் ஒன்றும் உண்டு; எழுதுவோர் ஒரே பெயரால் அழைக்க, மொழியே உரியதைத் தெரிந்துகொள்ளும். நகலெடுத்தலுக்கும் கோப்புறை நீக்கலுக்கும் ஷட்டில் என்னும் தொகுதி உள்ளது. யூனிக்ஸில் மட்டும் இயங்கிய கமாண்ட்ஸ் என்னும் தொகுதி 2008இல் வெளியான பைத்தான் 3.0இல் நீக்கப்பட்டது. 2014இன் 3.4 பதிப்பில் பாத்லிப் தொகுதி சேர்ந்தபோது, பாதையை வெறும் எழுத்துச்சரமாகக் கருதும் வழக்கத்துக்கும் மாற்று கிடைத்தது.

6. ஷெல்லைத் தவிர்த்தலின் பாதுகாப்புக் காரணம்

பெயர்வுத்திறனோடு மற்றொரு காரணமும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஷெல்லுக்கு அனுப்பப்படும் கட்டளை ஒரு தனி எழுத்துச்சரம். இடைவெளி, அரைப்புள்ளி, மேற்கோள் ஆகியவற்றை ஷெல் தன் இலக்கணப்படி பிரித்துப் பொருள்கொள்ளும். இடைவெளியுள்ள கோப்புப்பெயர் இரண்டு பெயர்களாகப் பிளவுறும். அரைப்புள்ளியுள்ள பெயர் புதிய கட்டளையாகவே மாறக்கூடும். 2004இல் வெளியான பைத்தான் 2.4இன் சப்புராசஸ் தொகுதி, வெளிநிரலை அழைக்கும்போதும் அதன் உள்ளீடுகளைப் பட்டியலாகப் பெற்று, ஷெல்லின் இடையீடின்றி நேரே ஒப்படைப்பதை இயல்பு நிலையாக்கியது.

2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ஷெல்ஷாக் என்னும் குறைபாடு இத்தேவையை உலகறியச் செய்தது. சூழல் மாறிகளில் செயற்கூறு வரையறையைத் தொடர்ந்து எழுதப்பட்ட கட்டளைகளையும் பாஷ் இயக்கிவிட்டது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் மறைந்திருந்த பிழை அது. வேறு மொழியில் எழுதப்பட்ட இணையச் சேவை நிரல்களும், உள்ளே எங்கோ ஒரு கட்டளைக்காக ஷெல்லை அழைத்திருந்தால், அப்பிழைக்கு ஆளாயின.

7. இழப்பும் இடம்மாறிய சார்பும்

இம்மாற்றத்தால் இழப்பே இல்லை எனல் பொருந்தாது. 1986இல் ஜான் பென்ட்லி, ஒரு பனுவலில் மிகுதியாக வரும் சொற்களைக் கண்டறியும் நிரலை எழுதுமாறு டொனால்ட் கனூத்தை வேண்டினார். கனூத்தின் விரிவான நிரலையும், அதற்கு மெக்கில்ராய் எழுதிய திறனாய்வையும் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். மெக்கில்ராய் அதே பணியை ஆறு கட்டளைகளைக் குழாயால் இணைத்து ஆறு வரிகளில் செய்துகாட்டினார். உரிய கருவிகள் இருக்குமிடத்தில் ஷெல்லின் சுருக்கத்தைக் குறுநிரல் மொழிகள் எட்டுவது அரிது. ஆனால் அவ்வாறு வரிகளின் பொருளை வெளிக்கருவிகளே தாங்கியிருந்தன. சொல் என்பது ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளாலாயது என்னும் கருத்தும் அவற்றில் பொதிந்திருந்தது.

மேலும், குறுநிரல் மொழியும் ஒரு வெளிநிரலே. பைத்தான் 2இலிருந்து 3க்கு மாறியபோது பழைய நிரல்கள் பல திருத்தமின்றி இயங்கவில்லை. 2இன் பராமரிப்பு 2020 தொடக்கத்தில் முடிவுற்றது. ஆப்பிள் நிறுவனம் 2019இல், வருங்கால மேக்ஓஎஸ் பதிப்புகளில் பைத்தான், ரூபி, பெர்ல் ஆகியன இயல்பாக இடம்பெறாதிருக்கலாம் என அறிவித்தது, 2022இன் 12.3 பதிப்பில் பைத்தான் 2.7 நீக்கப்பட்டது. மொழி எங்கும் இருக்கும் என்னும் நம்பிக்கை இவ்வாறு வரையறைக்குட்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஷெல் நிரலின் சார்புகளைக் கூறப் பத்துக் கருவிகளின் பதிப்புகளைக் கூற வேண்டும்; குறுநிரல் மொழியில், அதன் அடிப்படைத் தொகுதிகளோடு நிற்பவர் ஒரு பெயரையும் ஒரு பதிப்பெண்ணையும் கூறினால் பெரும்பகுதி கூறியாயிற்று.

8. தமிழ்ப் பனுவல் ஆய்வுக்கு இதன் பொருத்தம்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் தமிழ் நூல்கள் கணினிக்கோப்புகளாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து சொற்களைப் பிரிக்கவும் எண்ணவும் வரிசைப்படுத்தவும் ஷெல் கட்டளைகள் எளிய கருவிகள். இங்கு மேற்கண்ட வரலாறு நேரடி விளைவுகளை உடையது.

எண்ணுதல் முதலில் கருதத்தக்கது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அது ஐந்து குறியீடுகளால் ஆனது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டு ஆதலின் மொத்தம் 15 பைட்டு. டபிள்யூசி கட்டளை பைட்டுகளை எண்ணும்போது 15 என்றும், எழுத்துகளை எண்ணும்போது 5 என்றும் காட்டும். கணினியின் வட்டார அமைப்பு 'சி' என இருப்பின், எழுத்துகளை எண்ணுமாறு கேட்டாலும் குனூ டபிள்யூசி 15 என்றே விடை தரும். தமிழ் இலக்கணம் கூறும் மூன்று எவ்விடத்தும் கிடைப்பதில்லை.

எழுத்து மாற்றம் இரண்டாவது. குனூ தொகுப்பின் டிஆர் கட்டளை நெடுங்காலமாகப் பைட்டு அளவிலேயே இயங்கிவருகிறது. 'ந' என்பதை 'ன' என மாற்றுமாறு அதைப் பணித்தால், இவ்விரண்டும் வேறுபடும் இறுதிப் பைட்டை மட்டும் அது எங்கும் மாற்றும். தமிழ் எண்ணாகிய '௨' என்பதன் இறுதிப் பைட்டும் 'ந'வின் இறுதிப் பைட்டும் ஒன்றே. ஆதலால் பனுவலிலுள்ள '௨' யாவும் '௩' ஆகிவிடும். பாடல் எண்கள் தமிழ் எண்களால் குறிக்கப்பட்ட கோப்பில், எவ்வித எச்சரிக்கையுமின்றி இரண்டாம் பாடல் மூன்றாம் பாடலாகும். மேக்ஓஎஸ் இயங்குதளத்தின் டிஆர் பல்பைட்டு எழுத்துகளை அறியுமாதலின் அங்கு இப்பிழை நேராது. ஒரே கட்டளை ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் பிழையாகவும் இயங்குவது இவ்வாறே. பைத்தான் 3இல் எழுத்துச்சரம் ஒருங்குறிக் குறியீடுகளின் வரிசையாகவே கொள்ளப்படுவதால் இம்மாற்றம் எல்லா இயங்குதளங்களிலும் ஒரே முடிவைத் தரும்.

அகரவரிசை மூன்றாவது. சார்ட் கட்டளையின் முடிவு கணினியின் வட்டார அமைப்பையும் அதன் அடிப்படை நூலகத்தின் பதிப்பையும் சார்ந்தது. 2018இல் வெளியான ஜிலிப்சி 2.28 பதிப்பில் வரிசைமுறைத் தரவுகள் பெருமளவு புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் ஒரே கோப்பு வேறுபட்ட வரிசை பெறக்கூடும். பைத்தானின் இயல்பான வரிசைமுறை எங்கும் ஒன்றே. ஆனால் அது ஒருங்குறி எண்களின் வரிசை. அதில் 'அழகு' என்பது 'அவன்' என்பதற்கு முன்னும், 'அன்னம்' என்பது 'அப்பம்' என்பதற்கு முன்னும் நிற்கும். தமிழ் நெடுங்கணக்கு இவ்விரு இடங்களிலும் மாறாக வேண்டும். ஆகவே பெயர்வுத்திறன் வேறு, சரியாயிருத்தல் வேறு. எங்கும் ஒரே வகையாக நேரும் பிழையைக் கண்டு, நெடுங்கணக்கு வரிசையை ஒரு செயற்கூறாக எழுதி ஒருமுறையில் திருத்திவிட இயலும். இடந்தோறும் மாறும் பிழையை அவ்வாறு திருத்த இயலாது.

மொழிகளுக்கிடையிலும் வேறுபாடு உண்டு. தேடுகோவையில் சொல்லெழுத்து என்னும் வகையைப் பெர்லும் பைத்தானும் வேறுவேறாக வரையறுக்கின்றன. பெர்ல் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். பைத்தானின் அடிப்படைத் தேடுகோவைத் தொகுதி அவ்வாறு கொள்வதில்லை. 'தமிழ்' என்னும் சொல்லை அது 'தம', 'ழ' என இரண்டாகப் பிளக்கும். இதை அறியாது தொகுத்த சொற்கணக்கு முழுவதும் பயனற்றதாகும். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைக் குறிப்பிடாவிடில், விண்டோஸில் பைத்தான் நெடுங்காலமாகக் கணினியின் இயல்புக் குறியாக்கத்தையே எடுத்துக்கொண்டுவந்தது. ஆதலின் யுடிஎஃப்-8 என வெளிப்படக் கூறுதல் வேண்டும். 'கொ' என்பதன் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும், இரண்டின் சேர்க்கையாகவும் எழுதப்படலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவற்றைத் தேடலுக்கு முன் ஒருநிலைப்படுத்த வேண்டும். தமிழெழுத்துகளை இலக்கண முறைப்படி பிரிக்க ஓபன்-தமிழ் போன்ற பைத்தான் நூலகங்கள் துணைபுரிகின்றன.

முடிவுரை

ஷெல் கட்டளைகளின் பெயர்கள் நிலைத்திருக்க அவற்றின் பொருள் மாறியது. தரப்படுத்தலும் சோதித்தறிதலும் அச்சிக்கலைக் குறைத்தன, தீர்க்கவில்லை. பெர்ல் 1987இலும் பைத்தான் 1991இலும் தொடங்கிவைத்த உள்வாங்கல், கட்டளையின் பொருளை நிரலோடு சேர்ந்து பயணிக்கச் செய்தது. பெர்லின் உடுக்குறி விரிவு 2000 வரை வெளியில் இருந்தமையும், டிக்கிளின் நகலெடுப்பு 1996 வரை வெளியில் இருந்தமையும் அவ்வுள்வாங்கல் படிப்படியாக நிகழ்ந்ததைக் காட்டுகின்றன. அதன்பின் எஞ்சிய சார்பு மொழியின் பதிப்பைப் பற்றியது.

எனவே ஒருமுறை பயன்படுத்தி விடும் சிறு தேடலுக்கு ஷெல் போதுமானது. பிறர் சரிபார்க்க வேண்டிய சொல்லடைவு, சொற்கணக்கு, பாடவேறுபாட்டு ஒப்பீடு ஆகியவற்றுக்குக் குறுநிரல் மொழியே தக்கது. அங்கும் மொழியின் பதிப்பு, குறியாக்கம், ஒருநிலைப்படுத்தல், வரிசைமுறை, சொல்லின் வரையறை ஆகிய ஐந்தையும் ஆய்வாளர் தம் ஆய்வேட்டில் குறிப்பிடல் வேண்டும். சுவடியின் பெயரைக் குறிக்காத பாடவேறுபாட்டுக்கு என்ன மதிப்போ, இவற்றைக் குறிக்காத கணக்குக்கும் அதே மதிப்புத்தான்.